புதுக் காற்றுத் துவக்கின் குழலைத் துடைப்பது: முதல் சன்னம் போடுமுன்

காற்றுத் துவக்கு (எயர் ரைபிள்) வாங்கினால் முதல் வேலை அதற்கு எண்ணெய் விடுவதுதான் என்று எனக்குச் சொன்னவர் நல்ல மனிதர். நாற்பது வருடம் லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஓட்டியவர். எந்த மெசினும் எண்ணெய் கேட்கும் என்பது அவர் கண்ட அனுபவம். நானும் ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, தையல் மெசின் எண்ணெயை ஐந்தாறு துளி குழலுக்குள் விட்டு, துவக்கைச் சுவரில் நிமிர்த்தி வைத்தேன். மறுநாள் காலை முதல் சன்னம், அதாவது ஈயக் குண்டு. ‘டப்’ என்று வரவேண்டிய சத்தம் ‘படார்’ என்று வந்தது. குழல் வாயில் புகை. பக்கத்து வளவு ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், சுளகைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டார். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு ஞாபகங்கள் உண்டு. அதை நான் முதலே யோசித்திருக்கவேண்டும்.

இன்னும் மூன்று வெடி. பிறகு சன்னம் பத்து அடி தாண்டவே கஷ்டப்பட்டது. பிஸ்டன் சீல், அதாவது காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம், போய்விட்டது. வவுனியாவில் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி எடுக்க மூன்று கிழமையும் 6,500 ரூபாயும் போனது. இந்த வேலையைச் சரியாகச் செய்ய ஒரு மணித்தியாலமும் சில நூறு ரூபாயும் போதும் என்று பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஸ்பிரிங் வகைத் துவக்கில் விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெரிக்கிறது. நெரிபட்ட காற்று கடும் சூடாகிறது. டீசல் எஞ்சினுக்குள் பிளக் இல்லாமலே டீசல் பற்றுகிறதே, அதே சங்கதி. அந்தச் சூட்டில் எண்ணெய் கிடந்தால் அது பற்றி வெடிக்கும். சீல் கருகும், ஸ்பிரிங் உடையும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே குழலுக்குள் கறள் (துரு) பிடிக்காமல் இருக்க எண்ணெயோ கிறீஸோ பூசித்தான் அனுப்புகிறார்கள். ஆகவே புதுத் துவக்கில் நம் வேலை இருக்கிற எண்ணெயை எடுப்பது. நான் இருந்ததற்கு மேலே விட்டேன்.

1. கடையை விட்டு வெளிக்கிடுமுன்: இலக்கமும் தாள்களும்

துடைக்கும் வேலை கடையிலேயே தொடங்குகிறது. துவக்கின் உடம்பில் தொடர் இலக்கம் பொறித்திருக்கும். புதுத் துவக்கில் அதன்மேல் கிறீஸ் அப்பியிருக்கும். ஒரு சீலைத் துண்டால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, ரோச் அடித்து, இலக்கத்தை உங்கள் கண்ணால் வாசியுங்கள். பற்றுச்சீட்டில் எழுதியிருக்கும் இலக்கத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். என் சீட்டில் 8 இருக்கவேண்டிய இடத்தில் 3 எழுதியிருந்தார்கள். கிறீஸுக்குள் அது அப்படித்தான் தெரிந்திருக்கும். வீட்டில் துடைத்த பிறகுதான் கண்டேன். அதைத் திருத்த இரண்டு தரம் பஸ் ஏறவேண்டியதாகிவிட்டது. ஒருநாள் முதலாளி இல்லை, மற்றநாள் சீட்டுப் புத்தகம் இல்லை.

அனுமதி விஷயத்தைக் கடைக்காரரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அவர் விற்கிறவர். காசு கொடுப்பதற்கு முன்னரே உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையத்திலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) கேளுங்கள். போனவருடம் வாங்கியவர் சொல்வதும் கணக்கில்லை, விதி இடையில் மாறலாம். என்ன தாள் வேண்டும் என்கிறார்களோ அது கையில் வந்த பிறகு துவக்கை எடுங்கள். நான் ஒரு பொலித்தீன் உறைக்குள் வைத்திருப்பவை: இலக்கம் எழுதிய மூலப் பற்றுச்சீட்டு, அதன் இரண்டு போட்டோப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, அனுமதி சம்பந்தப்பட்ட தாள்கள். மூலத்தைத் துவக்கோடு வைக்கவேண்டாம். எலி இரண்டையும் சேர்த்து ருசி பார்க்கும்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது பெட்டியோடு கொண்டுவாருங்கள். உரப்பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தால், நீளமாக ஒரு சாமான் வன்னி ரோட்டில் எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. என்னையும் ஓரிடத்தில் மறித்தார்கள். பெட்டியும் சீட்டும் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் விட்டார்கள்.

2. சாமான் சேர்ப்பது

பெரிய கடைச் சாமான் ஒன்றும் வேண்டாம். மீன்பிடிச் சாமான் கடையில் 1 மில்லிமீற்றர் மொத்தத் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) இரண்டு மீற்றர் வாங்குங்கள். முல்லைத்தீவுப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும். எனக்கு 100 ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புல்லு வெட்டும் மெசின் நூல் வீட்டில் கிடக்கும், விறைப்பாகவும் இருக்கும், அதையே விடலாம் என்று தோன்றும். காற்றுத் துவக்குகளில் அதிகம் வருவது 4.5 மில்லிமீற்றரும் 5.5 மில்லிமீற்றரும். புல்லு நூல் 2.4 மில்லிமீற்றர் என்று வைத்தால், இரட்டையாக மடித்ததும் 4.8. சின்னக் குழலுக்குள் அது போகாது. பெரியதில் நூல் போனாலும் துணிக்கு இடமிருக்காது. தங்கூசியே நல்லது. சுருண்டிருந்தால் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு இழுத்துப் பிடியுங்கள், நிமிர்ந்துவிடும்.

துணிக்குப் பழைய பருத்திச் சாரம் அல்லது பெனியன். நன்றாகத் தோய்த்துக் காய்ந்ததாக இருக்கவேண்டும். பொலியெஸ்டர் வேண்டாம், அது ஈரத்தை நன்றாக உறிஞ்சாது. 4.5 குழலுக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர், 5.5 குழலுக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவில் சதுரமாக முப்பது துண்டு வெட்டி வையுங்கள். துணியின் மொத்தத்தைப் பொறுத்து இந்த அளவு மாறும். அதை நாலாம் படியில் கை சொல்லும்.

பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், ஒரு ரோச், வெள்ளைத் தாள், பழைய பல்தூரிகை, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி நாலைந்து. நல்ல மெல்லிய துவக்கு எண்ணெய் கிடைத்தால் வாங்கி வையுங்கள். அது கடைசியில் ஒரு துளிக்குத்தான்.

வாங்கக் கூடாதவை: இரும்புக் கம்பி, கம்பித் தூரிகை, பெற்றோல், தின்னர், மண்ணெண்ணெய். பெற்றோலும் தின்னரும் இறப்பர் வளையங்களை ஊதவைத்து, மரப்பிடியின் பொலிஷையும் உரித்துவிடும். மண்ணெண்ணெய் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் மெல்லிய படலம் விட்டுப் போகும். அந்தப் படலம் பற்றும். டின்னில் வரும் ஸ்பிரே எண்ணெயும் அப்படியே. தேங்காயெண்ணெய் பற்றிக் கேட்கவே வேண்டாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

3. வெறுமையா என்று பார்ப்பது

பெட்டிக்குள்ளிருந்து வந்த புதுத் துவக்கு என்றாலும் உள்ளே சன்னம் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம். விரல் விசையில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் முற்றத்தில் இல்லாத நேரம் பார்த்து வேலையைத் தொடங்குங்கள்.

எங்கள் பக்கம் அதிகம் இருப்பது குழலை மடக்கும் வகை. இதில் குழலை முழுதாக மடக்கினால் ஸ்பிரிங் ஏறி நிற்கும். அந்த நிலையில் கை தவறி விசை தட்டுப்பட்டால் குழல் பாய்ந்து மேலே வரும். விரல் போகும். துடைப்பதற்கு முழு மடக்குத் தேவையில்லை. பூட்டு விட்டுக் குழலின் அடி (சன்னம் போடும் பக்கம்) தெரியும் அளவுக்கு மட்டும் திறந்து, ஸ்பிரிங் இறுகத் தொடங்குமுன் நிறுத்துங்கள். அப்படியே கீழே ஒரு மடித்த சாக்கை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். குழலை ஒரு கை பிடித்தபடியே இருக்கட்டும்.

நெம்பு உள்ள வகையில் குழல் மடங்காது. பெரும்பாலும் ஸ்பிரிங்கை ஏற்றாமல் அடியைத் திறக்கவும் முடியாது. ஏற்றி வைத்துக்கொண்டு விரலை உள்ளே விடாதீர்கள். அதற்குக் கைநூலில் சொன்னபடி செய்யவேண்டும், அல்லது தெரிந்தவரிடம் முதல் தரம் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரில் காற்று அடைக்கும் வகை வேறு உலகம். இந்தக் கட்டுரை மடக்கு வகைக்கு.

சன்னம் இருக்கிறதா என்று பார்க்க வாய்ப் பக்கம் கண்ணை வைக்கவேண்டாம். வாய்க்கு முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன்மேல் ரோச் அடித்து, திறந்திருக்கும் அடிப்பக்கத்தால் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் வெறுமை.

4. தங்கூசி விடுவது

இதுதான் முழு வேலையும். அவசரப்படவேண்டாம்.

ஒன்றரை மீற்றர் தங்கூசியை நடுவில் மடியுங்கள். இரண்டு நுனிகளையும் சேர்த்து, குழலின் அடிப்பக்கத்தால் உள்ளே விட்டு, வாய்ப்பக்கத்தால் வெளியே எடுங்கள். மடித்த வளையம் அடியில் நிற்கும். சீலைத் துண்டை அந்த வளையத்துக்குள் பாதியாகக் கோத்து, வாய்ப்பக்க நுனிகளைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக, ஒரே இழுவையில் இழுங்கள். அடியிலிருந்து வாய்க்கு மட்டும். திருப்பி உள்ளே தள்ளக் கூடாது. எடுத்த அழுக்கை நீங்களே திரும்பக் கொண்டுபோய் வைத்ததாகிவிடும்.

நேராக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. குழல் வாயின் விளிம்பு மிக நுட்பமாகக் கடைந்தது. சன்னம் கடைசியாகத் தொடுகிற இடம் அதுதான். நூலைச் சாய்த்து இழுத்து இழுத்து அந்த விளிம்பைத் தேய்த்தால், பிறகு எந்தப் பார்வைக் கண்ணாடி பூட்டினாலும் குறி சரிவராது. இரும்புக் கம்பி வேண்டாம் என்றதும் இதற்காகத்தான்.

இழுக்கும்போது ‘கொஞ்சம் மனமில்லாமல்’ வருவது போல இருந்தால் துணி அளவு சரி. ஓடி வந்தால் துணி சின்னது. இரண்டு கையாலும் இழுக்கவேண்டியிருந்தால் பெரியது, அங்கேயே நிறுத்துங்கள்.

நான் நிறுத்தவில்லை. துணி நடுக் குழலில் இறுகி, தங்கூசி அறுந்தது. ஆகவே உங்களுக்கு ஒரு உபாயம்: முதல் சில துண்டுகளுக்கு, வளையத்தின் பின்பக்கம் இன்னொரு தங்கூசியை வால் போலக் கட்டி வெளியே விட்டு வையுங்கள். முன்னால் வராவிட்டால் பின்னால் இழுத்து எடுக்கலாம். அளவு பிடிபட்ட பிறகு வால் தேவையில்லை. அப்படியும் இறுகிவிட்டால், வெல்டிங் கடையில் பித்தளை ஒட்டுகிற கம்பி 3 மில்லிமீற்றரில் இருக்கும். அதன் நுனியை அராவி உருட்டி, கம்பியின் உடம்புக்கு ஒட்டுகிற ரேப் சுற்றி, மெதுவாகத் தள்ளுங்கள். சன்னம் போட்டுச் சுட்டு வெளியே எடுக்கலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதல் துண்டு மஞ்சளும் கறுப்புமாக, கிறீஸ் மணத்தோடு வரும். என்னுடையதில் பொடி இரும்புத் துகளும் மினுங்கியது. ஒவ்வொரு இழுவைக்கும் புதுத் துண்டு. ஐந்தாறு காய்ந்த துண்டு போனதும் நிறம் இறங்கத் தொடங்கும்.

5. ஒரு ஈரத் துண்டு, பிறகு காய்ந்தவை

மிச்ச எண்ணெயைக் காய்ந்த துணி முழுதாக எடுக்காது. ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரத் திரவம் நாலு துளி விட்டு, துண்டை நனைத்து, சொட்டு வராதபடி பிழிந்து இழுங்கள். குழல் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். ஈரம் வாயால் வடியவேண்டும், அடிப்பக்கம் பிஸ்டன் அறைக்குள் போகக் கூடாது. இரண்டு அல்லது மூன்று ஈரத் துண்டு போதும். அடுத்து வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது ஒன்று.

உடனே காய்ந்த துண்டுகள். ஈரம் ஒரு பொட்டும் இல்லை என்று தெரியும்வரை, ஏழோ எட்டோ. பிறகு அரை மணித்தியாலம் நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போடவேண்டாம். ஈரத்தை விட்டால் கார்த்திகை மாதத்தில் இரண்டே நாளில் கறள் பூக்கும்.

துண்டு பால்வெள்ளையாக வரும்வரை இழுக்கவேண்டும் என்று நினைத்து நான் இரண்டாம் தரம் நாற்பது துண்டு முடித்தேன். தேவையே இல்லை. இலேசான சாம்பல் நிறம் வந்துகொண்டேதான் இருக்கும். எண்ணெய்ப் பசை இல்லையா என்பதுதான் கேள்வி. விரலுக்கிடையில் துண்டைத் தேய்த்துப் பாருங்கள், வழுக்காவிட்டால் முடிந்தது.

அன்றே சுடப் போகிறீர்கள் என்றால் குழலுக்குள் எண்ணெய் வேண்டாம். வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு துண்டில் ஒரே ஒரு துளி துவக்கு எண்ணெய் விட்டு இழுத்து, அதன் பின்னால் ஒரு காய்ந்த துண்டு. திரும்ப எடுக்கும் நாளில் சுடுமுன் மேலும் இரண்டு காய்ந்த துண்டு.

6. அடியும் வெளிப்புறமும்

குழல் மடங்கும் இடத்தில் ஒரு இறப்பர் வளையம் இருக்கும். அதைச் சுற்றிப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். வளையத்தைக் கிளப்பிப் பார்க்கவேண்டாம். பிஸ்டன் பக்கம் உள்ள சின்னத் துளைக்குள் எதையும் விடவேண்டாம். வெளி இரும்பில் பல்தூரிகையால் மூலைக் கிறீஸை எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு மெல்லிய பூச்சு. எண்ணெய் வெளியே தாராளம், உள்ளே கஞ்சம்.

கையை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சன்னம் ஈயம். சுட்ட பிறகு எடுக்கும் துண்டுகளில் ஈயத்தூள் இருக்கும். அவற்றைப் பொலித்தீனில் கட்டி ஒதுக்குங்கள், அடுப்பில் போடாதீர்கள். குசினி மேசையும் வேண்டாம். நான் சுளகில் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்ததைக் கண்டு அம்மா பேசிய பேச்சு நியாயமானது. அந்தச் சுளகு இப்போது துவக்குச் சுளகு.

7. முதல் முப்பது சன்னம்

சுடுமுன் அக்கம்பக்கத்துக்குச் சொல்லுங்கள். நான் இப்போது ஆச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். அவர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்.

குறிக்குப் பின்னால் மண் மூடை அடுக்கவேண்டும். மண் எடுக்க உங்கள் சொந்த, பண்படுத்திய காணியை விட்டு வெளியே தோண்டப் போகாதீர்கள். பற்றைக் காணியோ, பழைய பதுங்குகுழி மேடோ, மிதிவெடிப் பலகை நின்ற இடமோ எதுவும் வேண்டாம். ஆற்று மணல் ஒரு பை வாங்குவது மலிவு.

நன்றாகத் துடைத்த குழலிலும் முதல் சில சன்னத்துக்கு மெல்லிய புகையும் மணமும் வரலாம், ஏனென்றால் பிஸ்டன் அறைக்குள் தொழிற்சாலை போட்ட கிறீஸ் இருக்கிறது. பயப்படவேண்டாம், குறைந்துகொண்டு போகும். ‘படார்’ என்ற உரத்த வெடி வந்தால் மட்டும் நிறுத்தி, காய்ந்த துண்டு நாலைந்து இழுத்துவிட்டுத் தொடருங்கள். அடுத்த சன்னத்திலும் அதே சத்தம் என்றால் விற்றவரிடம் கொண்டுபோங்கள். சீட்டு பத்திரம்தானே?

சன்னம் இல்லாமல் சும்மா விசையை இழுக்காதீர்கள். காற்றுத் தாங்காமல் பிஸ்டன் நேராகப் போய் அடிக்கும். குழலுக்குள் போட்டுச் சுட்டுச் சுத்தம் செய்யும் பஞ்சுக் குண்டுகள் விற்கிறார்கள். ஸ்பிரிங் துவக்கில் அதை ஒற்றையாகப் போட்டுச் சுடுவதும் ஏறக்குறைய அதே கேடுதான்.

சுத்தமான குழலில் முதல் இருபது முப்பது சன்னம் அங்குமிங்கும் போகும். குழலின் புரியில் (உள்ளே சுற்றிப் போகும் தவாளிப்பு) மெல்லியதாக ஈயம் படிந்த பிறகுதான் ஒரே இடத்தில் விழத் தொடங்கும். அதற்குள் பார்வையைத் திருகித் திருகிச் சன்னத்தை வீணாக்கவேண்டாம். முப்பது போன பிறகு இருபது மீற்றரில் வைத்துச் சரிபாருங்கள். பிடித் திருகாணிகளையும் அன்றே ஒருதரம் இறுக்கிவிடுங்கள். ஸ்பிரிங் அதிர்வில் அவை கட்டாயம் தளரும்.

8. பிறகு எப்போது

அடிக்கடி வேண்டாம். காற்றுத் துவக்கில் வெடிமருந்துக் கரி இல்லை, ஈயமும் மெதுவாகத்தான் படியும். முதல் டின் சன்னம் முடிந்ததும் ஒருமுறை, அதன்பின் குறி கலையத் தொடங்கும்போது. எனக்கு 500 சன்னத்துக்கு மேல் ஓடுகிறது. ஒவ்வொரு துடைப்புக்கும் மறுபடி இருபது சன்னம் குழலைப் பழக்கவேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வெளிப்புறம் வேறு கதை. மாரியில், ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும், இரண்டு கிழமைக்கு ஒருதரம் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கிழமைக்கு ஒருதரம், உப்புக்காற்று பொறுக்காது. கை வியர்வை பட்ட இடம் அன்றன்றே. கோடையில் கிரவல் தூசி ஒட்டும், அப்போது எண்ணெயைக் குறையுங்கள். தோல் உறையிலோ பஞ்சு மெத்தை வைத்த பெட்டியிலோ மாதக்கணக்கில் வைக்கவேண்டாம், அவை ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். பூட்டிய அலுமாரியில், சன்னம் வேறு இடத்தில்.

இன்னொன்று. இரண்டு மாதம் எடுக்காமல் வைத்திருந்து போன ஆவணியில் எடுத்தால், குழல் வாயில் ஈரமண் நிறம். குளவி கூடு கட்டி, உள்ளே புழுவும் அடைத்து வைத்திருந்தது. நல்ல காலம், சுடுமுன் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். இப்போது வாய்க்கு ஒரு சின்னச் சீலைத் துண்டைச் சுற்றி, சிவப்பு நூல் கட்டி வைக்கிறேன். சிவப்பு ஏன் என்றால், சுடுமுன் அதைக் கழற்ற மறக்காமல் இருக்க.